துணியை அளந்தவர்கள்

(படிப்பகம் ஒன்றின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சென்ற திங்கள் இதே இடத்தில் பேசி முடித்தபோது இளந்தோழர் ஒருவர் எழுந்தார். கையிலே அமெரிக்கக் காமிக்ஸ் ஏடு ஒன்று. அட்டையிலே ஒரு வீராங்கனை. “ஐயா, பெண்ணைப் பண்டமாக்குகிறார்கள், பண்டமாக்குகிறார்கள் என்கிறீர்களே, அழகாக வரைவதே குற்றமா? ஆடவனையும்தான் கட்டுடல் கொண்டவனாக, உடலைப் பிடித்த உடையிலே வரைகிறார்கள். அதைப் பற்றி எவரும் பேசுவதில்லையே!” என்று கேட்டார். மணி ஒன்பதாகிவிட்டது. ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு இறங்கினேன். ஆனால் வீடு போய்ச் சேரும் வரையில் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நான் சொன்ன விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. ஆகவே இன்றைய உரை முழுவதும் அந்தத் தோழருக்கு நான் பட்டிருக்கும் கடன்.

அன்று பின்வரிசையிலே ஒருவர் சிரித்ததும் நினைவிருக்கிறது. சிறுவர் படிக்கும் சித்திரக்கதைக்கு இத்தனை ஆராய்ச்சியா என்பது அந்தச் சிரிப்பின் பொருள். 1972இல் முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யைக் கொண்டுவந்த நாள்தொட்டுப் படித்தவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். அவர்களைக் கேளுங்கள். பள்ளிப் பாடம் மறந்திருக்கும். மாயாவியின் கை மறந்திராது. பத்து வயதிலே கண்வழிப் புகுந்தது அறுபது வயதிலும் அகலாது. பெண் என்றால் யார், அவள் எதற்காக இருக்கிறாள் என்ற பாடமும் அந்த வயதில், அந்த வழியில்தான் புகுகிறது.

இனி நியூயார்க்குக்கு வாருங்கள். 2016ஆம் ஆண்டு அக்டோபர் 21. ஐக்கிய நாடுகள் மன்றத்தின் தலைமையகத்திலே ஒரு விழா. உலகப் பெண்கள், சிறுமியர் ஆகியோரின் உயர்வுக்காகக் கௌரவத் தூதர் ஒருவரை அமர்த்துகிறார்கள். யார் அந்தத் தூதர்? அறிவியல் மேதையா? அடிமை விலங்கு அறுத்த போராளியா? இல்லை. ‘வொண்டர் உமன்’ என்னும் காமிக்ஸ் கதாபாத்திரம்! அவளுக்கு அப்போது வயது எழுபத்தைந்து. தொலைக்காட்சியில் அவளாக நடித்த லிண்டா கார்ட்டரும், திரைப்படத்தில் நடித்த கால் கடோட்டும் விழாவுக்கு வந்திருந்தனர். அந்த அவையிலேயே மன்றத்தின் ஊழியர் பலர் எழுந்து மேடைக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். எதிர்ப்பு மனு ஒன்று சுற்றுக்கு வந்தது. ஏறத்தாழ 45,000 பேர் ஒப்பமிட்டனர். பெருத்த மார்பும் எவருக்கும் வாய்க்காத உடலளவும் கொண்டவள், தொடை தெரிய உடுத்தியவள், அமெரிக்கக் கொடியின் நிறங்களை உடலிலே சுற்றியவள். இவளா எங்கள் சிறுமியருக்கு முன்மாதிரி என்பது மனுவின் சாரம். டிசம்பர் 16ஆம் நாள், இரண்டு திங்கள்கூட நிறையாமல், தூதர் பதவி முடிவுக்கு வந்தது.

மறுபுறத்திலும் குரல் எழுந்தது. எழுபத்தைந்து ஆண்டுகளாகச் சிறுமியருக்கு வலிமையைக் காட்டியவள் அவள். உடையைப் பார்த்து ஒதுக்குவது பழைய ஆண்களின் வழக்கமல்லவா என்றார்கள்.

யார் சொல்வது சரி? உடனே விடை சொல்ல வேண்டாம். இரு தரப்பும் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள். உடை! துணி எவ்வளவு? கால் தெரிகிறதா, மூடியிருக்கிறதா? இந்த முழக்கோல்தான் நம்மை வழிதவற வைக்கிறது என்பது என் கருத்து. சான்றுகளை எடுத்து வைக்கிறேன். தவறென்றால் நீங்கள் திருத்துங்கள்.

வொண்டர் உமனைப் படைத்தவர் வில்லியம் மோல்ட்டன் மார்ஸ்டன் என்ற உளநூல் அறிஞர். குருதி அழுத்தத்தைக் கொண்டு பொய்யைக் கண்டறியும் சோதனையை வகுத்தவரும் அவரே. வருங்காலத்தில் பெண்களே நாட்டை ஆள்வார்கள் என்று 1937இலேயே செய்தியாளரிடம் சொன்னவர். அவர் எழுத, எச்.ஜி. பீட்டர் வரைய, 1941இன் இறுதியில் அவள் பிறந்தாள். உடை, நீங்கள் அறிந்ததே. அதோடு நிற்கவில்லை, இதழுக்கு இதழ் அவளைச் சங்கிலியால் பிணைத்தார் மார்ஸ்டன். கயிறு, விலங்கு, கண்கட்டு, இப்படி ஏதாவது ஒன்று இல்லாத இதழைக் காண்பதே அரிது. பதிப்பகத்தின் ஆலோசகராக இருந்த ஜோசட் ஃபிராங்க் என்ற அம்மையார் இதைக் கண்டித்தார். கண்டனம் நியாயமானது. மார்ஸ்டனின் மனத்தில் பெண் விடுதலை மட்டும்தான் இருந்தது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன்.

ஆனால் கதையைப் படித்துப் பாருங்கள். ஆடவன் ஒருவன் அவளுடைய கைக்காப்புகளைச் சங்கிலியால் இணைத்துவிட்டால் அவள் வலிமை போய்விடும் என்பது அந்தக் கதையின் விதி. ஆகவே ஒவ்வொரு கதையும் ஒரு கேள்விதான்: எப்படி அறுப்பாள்? அவள் எண்ணுகிறாள், திட்டமிடுகிறாள், அறுக்கிறாள், பிறரையும் விடுவிக்கிறாள். சங்கிலியை வரைந்த ஓவியர் எதை எண்ணி வரைந்தாரோ, படித்த சிறுமி கண்டது சங்கிலி தெறிப்பதைத்தான்.

இப்பொழுது அதே 1942ஆம் ஆண்டிலே இன்னொரு ஏட்டைத் திறங்கள். ‘ஆல் ஸ்டார் காமிக்ஸ்.’ பல வீரர்கள் சேர்ந்து அமைத்த கழகத்தின் கதை, எழுதியவர் வேறொருவர். அந்தக் கழகத்திலே வொண்டர் உமனைச் சேர்த்துக்கொண்டார்கள். என்ன பதவி கொடுத்தார்கள் தெரியுமா? செயலாளர்! நம் கழகங்களிலே செயலாளர் என்றால் நாலுபேர் எழுந்து வணக்கம் சொல்வார்கள். அது இந்தச் செயலாளர் அல்ல, குறிப்பெழுதும் வேலை. எதிரியைத் தேடி ஆடவர் அனைவரும் புறப்பட்டுப் போவார்கள். மலையைப் பெயர்க்கும் வலிமையுள்ள இவள் பின்தங்கிக் கடிதங்களைப் பார்த்துக்கொள்வாள்!

அதே பெண். அதே ஆண்டு. அதே உடை, ஓர் அங்குலம் கூடவில்லை, குறையவில்லை. ஓர் ஏட்டிலே அவள் ஆள். இன்னோர் ஏட்டிலே மேசையோரத்துப் பூச்சாடி. துணியை அளப்பவர் இந்த வேறுபாட்டை எந்தக் கோலால் அளப்பார்?

வொண்டர் உமனுக்கும் சில திங்கள் முன்னதாக, 1941 ஏப்ரலில், ‘மிஸ் ஃபியூரி’ என்ற வீராங்கனை அமெரிக்க நாளேடுகளிலே தோன்றினாள். அழகி, விதவிதமான உடைகளை உடுத்துபவள். வரைந்தவர் பெயர் டார்ப்பே மில்ஸ் என்று அச்சாகியிருந்தது. அவர் ஒரு பெண். ஜூன் என்ற தன் முதற்பெயரை விட்டுவிட்டதால் வாசகர்கள் அவரை ஆடவர் என்றே எண்ணினர். தன் முகச்சாயலிலேயே கதாநாயகியை வரைந்தார் அவர். அழகு பெண்ணுக்குப் பகை என்று கருதுவோர் மில்ஸ் அம்மையாரின் பக்கங்களைப் பார்க்க வேண்டும். தன்னை அழகாகக் காண்பதற்கு எந்தப் பெண்ணும் எவரிடத்தும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியதில்லை.

போர் முடிந்தது. விற்பனைப் போட்டி மூண்டது. அட்டைகளிலே பெண்ணுடல் பெருத்தது, இடை சிறுத்தது. 1948இல் வந்த ‘ஃபாண்டம் லேடி’ 17ஆம் இதழின் அட்டை கயிறும் மார்புமாக இன்றளவும் பேசப்படுகிறது. அதைத் தன் நூலிலே எடுத்துப் போட்டுக் காட்டியவர் டாக்டர் ஃபிரெட்ரிக் வெர்த்தாம். நூல் 1954இல் வெளிவந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் அமெரிக்க ஆட்சி மன்றத்தின் துணைக்குழு காமிக்ஸ் ஏடுகளை விசாரித்தது. அக்டோபரில் பதிப்பாளர்கள் தாமே கூடி ஒரு கட்டுப்பாட்டு விதித்தொகுப்பை இயற்றிக்கொண்டனர்.

வெர்த்தாம் தீயவர் அல்லர். ஹார்லத்திலே ஏழை நீக்ரோ மக்களுக்கு (அன்றைய சொல் அது) மிகக் குறைந்த கட்டணத்தில் மனநல மருத்துவமனை நடத்தியவர். ஆனால் அவர் வொண்டர் உமனைப் பற்றி என்ன குறை கண்டார்? அவள் அரைகுறையாக உடுத்துகிறாள் என்பதைவிட அவள் வலிமையானவள், ஆடவனுக்கு அடங்காதவள், இல்லறத்துக்கு ஆகாதவள் என்பதே அவருக்கு உறுத்தியது. சிறுமியருக்கு அவள் தகாத இலக்கு என்றார். ஒழுக்கம் காப்பதாகச் சொல்லிக்கொண்டு வருகிற கோல், முதலில் துணியை அளக்கும். அடுத்துப் பெண்ணின் வாயை அளக்கும்.

அப்படித்தான் நடந்தது. பெண்ணுறுப்புகளை மிகைப்படுத்தி வரையலாகாது, சமூகம் ஏற்கும் உடை அணிவிக்க வேண்டும் என்றது புதிய விதி. நல்லது. அப்படியானால் பெண் மதிக்கப்பட்டாளா? தன் விருப்பப்படி திருடி, தன் விருப்பப்படி பேட்மேனை எதிர்த்து நின்ற ‘கேட்வுமன்’ 1954 முதல் 1966 வரை காமிக்ஸ் ஏடுகளிலிருந்தே மறைந்துபோனாள். 1956இல் ‘பேட்வுமன்’ வந்தாள்; பேட்மேன் இடுப்பிலே கருவிகள், இவள் தோளிலே கைப்பை! அந்தப் பையிலே என்ன ஆயுதம்? முகப்பூச்சு மாவு, உதட்டுச் சாயம் ஆகியவற்றின் உருவிலே செய்த கருவிகள். 1958இல் லோயிஸ் லேன் என்ற செய்தியாளருக்குத் தனி ஏடு கிடைத்தது. பெயரைப் பாருங்கள், ‘சூப்பர்மேனின் பெண்தோழி லோயிஸ் லேன்.’ பெருநகர நாளேட்டில் பணியாற்றும் எழுத்தாளர் தன் பெயருக்கு முன்னே உடையவனின் பெயரைச் சுமக்கிறார்! 1961இல் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ என்ற நால்வர் அணி வந்தது. ஒருவன் பாறை, ஒருவன் நெருப்பு, ஒருவன் இரப்பர் போல நீள்பவன். நால்வரில் ஒரே பெண்ணுக்குக் கிடைத்த ஆற்றல் எது? கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துபோவது! கழுத்து முதல் கால் வரை மூடியிருந்தாள். ‘மறையும் சிறுமி’ என்ற பெயர் ‘மறையும் பெண்’ என்று மாற 1985 வரை ஆயிற்று. அதற்குள் அவள் மணமுடித்துத் தாயாகியிருந்தாள்.

எல்லோரும் ஒழுங்காகத்தான் உடுத்தியிருந்தார்கள், தோழர்களே!

இதைவிடக் கொடிய சான்று ஒன்று உண்டு. தாய்மார்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். 1980 அக்டோபர் நாளிட்ட ‘அவெஞ்சர்ஸ்’ 200ஆம் இதழ். கரோல் டான்வர்ஸ் என்ற வீராங்கனை. ‘மிஸ் மார்வெல்’ என்பது அவளுடைய வீரப் பெயர். திடீரென்று அவள் கருவுற்றிருக்கிறாள். எவ்வாறென்று அவளுக்கே தெரியாது. சில நாளிலேயே பிள்ளை பிறக்கிறது; சில மணியில் அது வளர்ந்து இளைஞனாகி நிற்கிறது; பெயர் மார்க்கஸ். அவன் சொல்கிறான்: காலத்துக்கு அப்பாற்பட்ட தன் உலகுக்கு அவளைக் கவர்ந்து சென்றானாம், எந்திரங்களின் துணையோடு அவள் மனத்தைத் தன்பால் சாய்த்தானாம், இந்த உலகிலே தான் பிறப்பதற்காக அவளைக் கருவுறச் செய்தானாம். இதைக் கேட்ட தோழர்கள், மாவீரர்கள், உலகைக் காப்பவர்கள், என்ன செய்தார்கள்? அவனோடு போகிறேன் என்று அவள் சொல்ல, வாழ்த்தி வழியனுப்பினார்கள்! ஆசிரியர்கள் அதைக் காதல் கதையாக, இன்ப முடிவாக அச்சிட்டார்கள்.

அந்த இதழிலே அவள் உடலைக் காட்டி ஆசையூட்டும் முயற்சி இல்லை. பெரும்பகுதி படுக்கையிலே கிடக்கிறாள். முழக்கோல்காரர் பார்த்தால் குற்றமற்ற இதழ் என்று முத்திரை குத்துவார். அன்றைய கட்டுப்பாட்டு அமைப்பின் முத்திரையும் அட்டையிலே இருந்தது. ஆனால் ஒரு பெண்ணை இதைவிட முழுமையாகப் பண்டமாக்க இயலுமா? அவள் விருப்பம் கேட்கப்படவில்லை, மனம் மாற்றப்பட்டது, உடல் வாயிலாகப் பயன்பட்டது. வாயிலைக் கடந்து வந்தவனுக்கு வசனம் பக்கம் பக்கமாக, வாயிலுக்கு ஒன்றுமில்லை.

மார்த்தா நுஸ்பாம் என்ற அமெரிக்க மெய்யியல் அறிஞர் 1995இல் எழுதிய கட்டுரை ஒன்றில், ஆளைப் பண்டமாக நடத்துவதன் அடையாளங்கள் ஏழு என்று வகுத்தார். கருவியாகப் பயன்படுத்துதல், சுய முடிவை மறுத்தல், இவளுக்குப் பதில் இன்னொருத்தி போதும் எனக் கருதுதல், அவளுக்கும் உள்ளுணர்வு உண்டென்பதைப் பொருட்படுத்தாமை என்று நீளும் அந்தப் பட்டியல். அழகாயிருத்தல் அதில் இல்லை. குறைவாக உடுத்தலும் அதில் இல்லை.

கரோலின் கதைக்கு எதிராகக் கரோல் ஸ்ட்ரிக்லண்ட் என்ற பெண் வாசகர் கட்டுரை எழுதினார். நடந்தது காதலன்று, வன்கொடுமை என்று பெயர் சொல்லி எழுதினார். மறு ஆண்டு, 1981இல், கிறிஸ் கிளேர்மான்ட் என்ற எழுத்தாளர் அதே ஏட்டின் ஆண்டுமலரிலே கரோலைத் திரும்ப அழைத்துவந்தார். அவள் தன் தோழர்கள் முன்னே நின்று கேட்கிறாள்: நான் எப்படிக் கருவுற்றேன் என்பதில் உங்களில் ஒருவருக்கும் ஐயம் எழவில்லையா? என் மனம் என் வசத்தில் இருந்ததா என்று ஒருவரும் எண்ணவில்லையா? மாவீரர்கள் தலை கவிழ்ந்து நிற்கிறார்கள். நான் கண்ட சித்திரக்கதைப் பக்கங்களில் உயர்ந்தது எது என்று எவரேனும் கேட்டால் அந்தப் பக்கத்தைத்தான் காட்டுவேன்.

இளந்தோழரின் கேள்வியின் இரண்டாம் பாதி நிற்கிறது. ஆடவனையும் அப்படித்தானே வரைகிறார்கள் என்றாரே, உண்மைதான். 1938இல் சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் கிளீவ்லாந்து நகரத்து இளைஞர்கள். ஷூஸ்டருக்கு உடற்பயிற்சி வீரர்கள்மீது பெருவிருப்பு. அந்தத் தோளும் மார்பும் அங்கிருந்து வந்தவை. ஆனால் அந்த உடல் யாருக்காக வரையப்பட்டது? படிக்கும் பையன், நான் இப்படி ஆகவேண்டும் என்று ஏங்குவதற்காக. பெண்ணுடல்? அதே பையன், இது எனக்கு வேண்டும் என்று ஏங்குவதற்காக. இரண்டும் மிகையே, ஆனால் ஒன்று அணிந்துகொள்ளும் கனவு, மற்றொன்று கைக்கொள்ளும் கனவு.

நம்பிக்கை வரவில்லையா? 2012இல் ஓவியர்களும் வாசகர்களும் ஒரு வேடிக்கைச் சோதனை செய்தார்கள். காமிக்ஸ் அட்டைகளிலே பெண்கள் நிற்கும் அதே நிலையிலே ‘ஹாக்ஐ’ என்ற வில்வீரனை வரைந்தார்கள். இடுப்பு ஒருபுறம், மார்பு ஒருபுறம், முதுகெலும்பு முறுக்கிய துணிபோல. அம்பு எய்ய வேண்டியவன் பின்புறத்தைக் காட்டிக் கண்சிமிட்டுகிறான்! பார்த்தவர் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தனர். ஏன் சிரிப்பு வந்தது? அந்த நிலையிலே எவராலும் போரிட முடியாது என்பது ஆணுடலிலே கண்டதும் விளங்கிவிட்டது. பெண்ணுடலிலே பல்லாண்டு கண்டும் விளங்கவில்லை.

2014இல் ‘ஸ்பைடர் உமன்’ முதல் இதழுக்கு இத்தாலிய ஓவியர் மிலோ மனாரா மாற்று அட்டை ஒன்று வரைந்தார். அவர் காமச் சுவை ஓவியங்களுக்குப் பெயர்பெற்றவர். தலை முதல் கால் வரை உடை மூடிய வீராங்கனை. ஆனால் கூரை விளிம்பிலே அவள் ஏறி நிற்கும் நிலை, படுக்கையறை நிலை. பெரும் கண்டனம் கிளம்பியது. முழு உடையிலே பண்டம்! மார்ஸ்டனின் சங்கிலி அறுக்கும் மங்கையோ அரை உடையிலே ஆள்!

ஆகவே தோழரே, அழகாக வரைவது குற்றமன்று. அந்தப் பக்கத்திலே அவள் எதையாவது செய்கிறாளா, அவளுக்குச் செய்யப்படுகிறதா என்று பாருங்கள். அவளுக்கு எண்ணம் உண்டா? அந்த இடத்தில் வேறொருத்தியை வைத்தாலும் கதை அப்படியே ஓடுமா? அந்தப் பக்கம் ஆசையூட்டுவதாகவே இருக்கட்டும். அந்த ஆசையிலே அவளுக்கும் பங்குண்டா?

இந்தக் கண்ணோடு ஐ.நா. மன்றத்துக்குத் திரும்புவோம். அந்த ஊழியர்களின் சினம் நியாயமானது. ஆனால் அதன் காரணம் தொடையிலே இல்லை. அந்த 2016ஆம் ஆண்டில்தான் மன்றத்துக்குப் புதிய பொதுச்செயலாளரைத் தேர்ந்தெடுத்தார்கள். போட்டியிட்டோர் பதின்மூவர், அவர்களில் எழுவர் பெண்கள். ஒரு பெண்கூட அதுவரை அந்தப் பதவியிலே அமர்ந்ததில்லை. இம்முறையாவது என்று உலகெங்கும் குரல் எழுந்தது. அக்டோபர் திங்களிலே தேர்வு முடிந்தது: அந்தோனியோ குத்தேரஸ், ஆடவர். அதே திங்களிலே பெண்களுக்குக் கிடைத்தது ஓர் ஓவியம்! ஊதியம் கேளாது, கூட்டத்திலே எழுந்து மறுப்புச் சொல்லாது, பதவி உயர்வு கோராது. உயிருள்ள எழுவர் இருந்த இடத்தில் உருவம் ஒன்றை நிறுத்தினார்களே, அங்கே பண்டமாக்கப்பட்டவள் வொண்டர் உமன் மட்டுமா? மனுவிலே உடையைப் பற்றிய வரிகளைக் குறைத்து இதைப் பெரிதாக எழுதியிருந்தால் நானும் ஒப்பமிட்டிருப்பேன்.

பேனா யார் கையில் என்பதும் பெரிது. 1944இல் ஜாய் ஹம்மல் என்ற இளம்பெண் மார்ஸ்டனிடம் பணியில் சேர்ந்து வொண்டர் உமன் கதைகள் பலவற்றை எழுதினார். ஏட்டிலே அவர் பெயர் வரவில்லை. 2012இல் கரோல் டான்வர்ஸின் கதையை எழுதக் கெல்லி சூ டிகானிக் அமர்ந்தபோது அவர் பெயர் அட்டையிலே இருந்தது. நீச்சலுடை போன்ற பழைய உடை போய், விமானப் படை வீராங்கனைக்கு ஏற்ற முழு உடை வந்தது. பெயரும் ‘கேப்டன் மார்வெல்’ ஆயிற்று.

உடனே முழக்கோல்காரர் கைதட்டுவார், பார்த்தீர்களா மூடிவிட்டார்கள் என்று. அவருக்காக இன்னொரு கதை. 2014இல் ஜி. வில்லோ வில்சன் எழுத, ஏட்ரியன் அல்ஃபோனா வரைந்து, ‘மிஸ் மார்வெல்’ புதிதாக வந்தது. ஜெர்சி நகரிலே பாகிஸ்தானியப் பெற்றோருக்குப் பிறந்த பதினாறு வயதுச் சிறுமி கமலா கான். சித்திரக்கதைகளிலே மூழ்கியவள், கரோலைப் போல ஆகவேண்டும் என்பதே அவள் கனவு. ஒரு நாள் உருவம் மாறும் ஆற்றல் கிட்டுகிறது. கிட்டியதும் என்ன ஆகிறாள்? பொன்னிறக் கூந்தல், உயர்ந்த உடல், தொடைவரை நீண்ட காலணி, அந்தப் பழைய நீச்சலுடை. கனவிலே கண்ட அதே உருவம். சற்று நேரத்திலேயே தெரிந்துவிடுகிறது, உடை இழுக்கிறது, காலணி தடுக்குகிறது, கூந்தல் முகத்திலே விழுகிறது, அந்த உடலுக்குள்ளே அவள் இல்லை என்பது. யாரும் அவளைத் திட்டவில்லை; தந்தை சொல்லிக் கழற்றவில்லை. தானே பழைய உருவுக்கு வருகிறாள். வீட்டிலே கிடந்த நீச்சலாடை ஒன்றை, முஸ்லிம் பெண்கள் அணியும் முழு நீச்சலாடையை, எடுத்துத் தானே தனக்கென ஓர் உடை செய்துகொள்கிறாள். மார்பிலே ஒரு மின்னல் குறி. பிறகு சன்னலைத் திறந்து வெளியே இறங்குகிறாள்.